வெள்ளை காட்டியவள்

நீதான். எல்லாம் நீ பண்ணின வேலை. ஒரே பெட்டிக்குள் ஒரே அச்சாக ரெண்டு டிஸ்க்கை மாட்டி வைத்து, இது ஓடுகிற டிஸ்க், இது சேர்த்து வைக்கிற டிஸ்க் என்று ஒரு துண்டுத்தாள்கூட ஒட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனவள் நீதானே, இப்போது வந்து பதில் சொல் என்று சேர்மதுரை திரையைப் பார்த்து உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தான். திரை கருப்பாக இருந்தது. அணைந்துபோன கருப்பு இல்லை. பின்னால் வெளிச்சம் இருக்கிறது, ஆனால் காட்டமாட்டேன் என்கிற கருப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது, யாரோ உள்ளே உட்கார்ந்து என்ன சொல்வது என்று யோசிப்பதுபோல. அதற்குக் கீழே அவன் முகமே தெரிந்தது, வழுக்கை, கண்ணாடி, தொங்கின கன்னம், முகத்துக்குப் பின்னால் பாதி இறக்கின ஷட்டர், ஷட்டருக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூட எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பென்டிரைவைச் சொருகினான், லினக்ஸ் வந்தது, எந்த மொழி என்று கேட்டது, எந்த ஊர் என்று கேட்டது, எந்த டிஸ்க்கை அழித்துவிட்டு உட்காரட்டும் என்று கேட்டது. ரெண்டு டிஸ்க்கைக் காட்டியது. ரெண்டுக்கும் ஒரே பெயர், ஒரே அளவு, கடைசி எழுத்து மட்டும்தான் வேறே. அப்போதுதான் அந்த மதுரைக்காரப் புரோக்கர் போன் போட்டான். மூடின கம்பெனி ஒன்றின் மானிட்டர்கள், மொத்தமாக எடுத்தால் ஒரு விலை, பிரித்து எடுத்தால் ஒரு விலை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, 'அதெல்லாம் நடக்காது வே, பழைய இரும்பு விலைக்குக் கேட்டாலும் நான் யோசிப்பேன்' என்று பேசிக்கொண்டே ஒரு கை மவுஸை அமுக்கியது. தொடர்க. ஆமாம். சரி. ஆமாம். புரோக்கர் இறங்கி வந்தான். இவன் ஜெயித்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினபோது திரையில் பாதிக்கு மேல் கோடு ஓடியிருந்தது, எந்த டிஸ்க்கின் மேல் ஓடுகிறது என்று அது சொல்லவில்லை, எந்த டிஸ்க்கை அமுக்கினோம் என்று இவனுக்கும் தெரியவில்லை. முடிந்தது, திரும்ப ஆரம்பித்தது, கருப்பானது. படம் வந்தால்தான் எது மிச்சம் இருக்கிறது என்று தெரியும். படம் வரமாட்டேன் என்கிறது.

ஆபீஸ்களில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை லாட்டாக எடுத்து, துடைத்து, விற்கிற கடை சேர்மதுரையுடையது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாடியில் ஒரு அறை. எட்டாம் கிளாஸோடு நின்று, பழைய பேப்பர்க் கடையில் தராசு பிடித்து, லாரி ஷெட்டில் அடி வாங்கி, பேச்சை மட்டும் மூலதனமாகப் போட்டு மேலே வந்தவன். மெஷின் விற்பான், மெஷினைத் திறக்கத் தெரியாது. திறப்பதற்கு மைதீன் இருந்தான், மேலப்பாளையத்து மெக்கானிக். கடைக்குப் பின்னால் பலகை அடித்த சின்ன அறையில் அவன் பெண்டாட்டி இருந்தாள். கேமராக்காரனோடு கல்யாண வீடுகளுக்குப் போய், எடுத்து வந்த வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பது அவள் வேலை. இருந்தாள் என்று சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது. அவள் மெஷின் மேல் அவளுடைய துப்பட்டாவே மூடிக் கிடந்தது. போன வாரம் துப்பட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு ஆன் பண்ணினால் பழைய விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை, நீலமாக வந்து செத்துப்போனது. மைதீன் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, ஓடுத டிஸ்க்குலதான் கோளாறு. அக்கா வீடியோ எல்லாம் அடுத்த டிஸ்க்குல பத்திரமா இருக்கும். கழட்டிக் குடுங்க, வேற மெஷின்ல மாட்டிக் காட்டுதேன்' என்றான். 'கை வைக்காத' என்று சேர்மதுரை போட்ட சத்தத்தில் கீழே டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். உடம்பை அறுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. மைதீன் விண்டோஸுக்குப் பதிலாகப் போட பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். 'சரி, நீங்களே போடுங்க. ஆனா ஒண்ணு, போடுததுக்கு முந்தி வீடியோ டிஸ்க்கோட ஒயரை மட்டும் உருவி விட்டுருங்க. இல்லன்னா தெரியாம அது மேலேயே போட்டுருவிய.' உருவுகிறேன் என்று தலையாட்டினான். இன்று பெட்டியைத் திறந்தான். உள்ளே தூசி சாம்பல்போல உட்கார்ந்திருந்தது. ஒயரில் விரலை வைத்தான். எடுத்துவிட்டான். உருவ முடியவில்லை. அதை உருவினால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, ஒரு ஒயர், திரும்பச் சொருகினால் முடிந்தது, ஆனால் இதே மாதிரி ஒரு ஒயரை இன்னொரு இடத்தில் ஒரு நர்ஸ் உருவினபோது திரும்பச் சொருகச் சொல்லி அவன் எவ்வளவு கத்தினான். நீ சொல், நான் உருவியிருக்க வேண்டுமா? உன் ஒயரை நானே உருவ வேண்டுமா?

இதற்கெல்லாம் ஆரம்பம் அந்தப் போட்டோக் கடைக்காரன். அவளுடைய பழைய ரேஷன் கார்டுப் போட்டோவைப் பெரிதாக்கி கலர் போட்டுக் கேட்டான் சேர்மதுரை. ரெண்டாம் வருஷத் திதிக்கு ஒரு படமாவது மாட்ட வேண்டாமா. அடுத்தவள் கல்யாணத்தை எல்லாம் படமாக்கிக் கொடுத்தவளுக்கு வீட்டில் ஒழுங்கான படம் ஒன்று கிடையாது, எப்போது பார்த்தாலும் கேமராவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பாள். கடைக்காரன் பேனாவை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டான்: 'அம்மா சிவப்பா, மாநிறமா, கருப்பா?' சேர்மதுரை வாயைத் திறந்தான். மாநிறம் என்று சொல்லலாம். எல்லோரும் மாநிறம்தான். ஆனால் என்ன மாநிறம்? சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ரெண்டு பேரும் படியிறங்கும்போது எதிர்க் கடை போர்டு வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுமே, அந்த நிறமா, குளித்துவிட்டு வரும்போது இருக்கிற நிறமா, காய்ச்சலில் கடைசியாகப் பார்த்த நிறமா? கடைசி நிறம்தான் முதலில் வந்து நின்றது. அதை நெட்டித் தள்ளினால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இருபத்தி சொச்சம் வருஷம் பக்கத்தில் படுத்தவளுடைய நிறம் தெரியவில்லை ஒரு மனுஷனுக்கு. 'நாளைக்குச் சொல்லுதேன்' என்று வெளியே வந்துவிட்டான். வெளியே வந்ததும் ஞாபகம் வந்தது, அந்த வெள்ளைத்தாள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் கேமராக்கார எட்வின், 'அக்கா, வெள்ளை காட்டுங்க' என்பான். அவள் ஒரு வெள்ளைத்தாளைக் கேமராவுக்கு நேராக நெஞ்சு உயரத்துக்குப் பிடிப்பாள். இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். மண்டபத்துக்கு மண்டபம் விளக்கு மாறும், மஞ்சள் பல்பு ஒன்றைச் சொல்லும், டியூப்லைட் இன்னொன்றைச் சொல்லும், கேமராவுக்குச் சொந்த புத்தி கிடையாது. 'வெள்ளை சரியா இருந்தா பொண்ணு முகம் சரியா இருக்கும், பட்டு சரியா இருக்கும், சாம்பார்கூட சரியா இருக்கும், கேட்டியளா' என்பாள். ரெண்டு கேமரா இருந்தால் ரெண்டும் அதே தாளைப் பார்க்க வேண்டும், அதையும் ரெக்கார்டு பண்ண வேண்டும் என்று எட்வினோடு சண்டை போட்டு வாங்கியிருந்தாள், பின்னால் வெட்டி ஒட்டும்போது நிறத்தைச் சமப்படுத்த அது வேண்டுமாம். அப்படியென்றால் ஒவ்வொரு கல்யாணத்தின் முதல் சில நொடியும் அவள்தான். தாள். தாளுக்குப் பின்னால் அவள். 'சரியா இருக்கா?' என்று ஒரு குரல். தாளை இறக்கும்போது முகம். வீடியோவை வாங்கிப்போன எந்த வீட்டுக்காரனும் அதைப் பார்த்திருக்கமாட்டான், அவளே வெட்டி எடுத்திருப்பாள், ஆனால் வெட்டாத மூலம் முழுக்க அந்த டிஸ்க்கில் இருக்கிறது. சரியான வெள்ளைக்குப் பக்கத்தில் அவள் சரியான நிறத்தில் நிற்கிறாள், எத்தனையோ தடவை. நின்றாள். நிற்கிறாளா, போன் பேசிக்கொண்டே அவளை அழித்துவிட்டேனா?

மைதீனுக்குப் போன் போட்டான். மைதீன் கடையநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான், பின்னால் பாத்திரச் சத்தமும் பிள்ளைகள் கத்தலும். 'சொல்லுங்க அண்ணாச்சி, இப்பதான் சகன்ல சாப்பிட உக்காந்தேன்.' 'ஸ்க்ரீன் கருப்பா நிக்குடே.' 'கோடு மின்னுதா?' 'மின்னுது.' 'அப்ப பயப்படாதிய, உசிரு இருக்கு. கிராபிக்ஸ் கார்டு இருக்கு, அதை ஓட்டத் தெரிஞ்ச டிரைவர் இன்னும் உள்ள வரலை. அவ்வளவுதான். அக்கா கார்டு அப்பவே முரட்டுக் கார்டுல்லா.' முரட்டுக் கார்டு. எவனோ ராப்பகலாக ஓட்டிச் சலித்துத் தள்ளினதை, திருகு ஒன்று குறைகிறது என்று சொல்லிச் சொல்லி விலையை இறக்கி இவன் வாங்கி வந்தது. திருகு இல்லாத இடத்தில் அவள் தன் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி வளைத்து மாட்டினாள். இன்றைக்கும் அந்த ஹேர்பின்தான் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பெட்டி திறந்து கிடக்க, வெயில் பட்டு மின்னியது. 'அண்ணாச்சி, வீடியோ டிஸ்க்கு ஒயரை உருவிட்டுத்தான போட்டிய?' சேர்மதுரை திறந்து கிடந்த பெட்டிக்குள் அந்த ஒயரைப் பார்த்தான். 'பின்னே? என்னை என்ன பச்சைப் பிள்ளைன்னு நினைச்சியா? நீ படம் வர்றதுக்கு வழியைச் சொல்லு.' சொன்னான். அணைத்து, திரும்பப் போட்டு, கீயை அமுக்கிப் பிடித்து, ஒரு வரியின் கடைசிக்குப் போய், மைதீன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, சேர்மதுரை ஒற்றை விரலால் குத்தினான். படம் வரவில்லை, ஆனால் கருப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன, பேரைக் கேட்டது, அடித்தான், பாஸ்வேர்டு கேட்டது. அடித்தான். ஒன்றும் விழவில்லை. புள்ளிகூட இல்லை. 'ஏல மைதீன், அடிக்கேன், எழுத்தே விழலையே?' 'விழாது அண்ணாச்சி. அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கும். வெளியே காட்டிக்கிடாது. முழுசா அடிச்சி என்டரைத் தட்டுங்க.' சேர்மதுரை விரலை எடுத்துவிட்டான். வெளியே காட்டிக்கொள்ளாது, கேட்டுக்கொண்டிருக்கும். ரெண்டு வருஷமாக வீட்டில் அவன் அதைத்தானே செய்கிறான், காப்பி போட்டுக்கொண்டே, சட்டையைத் தேடிக்கொண்டே, இன்றைக்கு இன்னாரை மடக்கினேன் என்று சத்தமாகச் சொல்கிறான், ஒன்றும் விழுவதில்லை. அங்கேயும் முழுசாக அடித்து ஒரு தட்டுத் தட்டினால் திறக்குமோ? திரும்ப அடித்தான். தட்டினான். திறந்தது. 'இப்ப செல்லை ஒயர்ல மாட்டி நெட்டை விடுங்க. அடிங்க, சுடோ. எஸ், யு, டி, ஓ.' 'என்னல அது சுடோ?' 'நம்ம சுடலைமாடன்னு வச்சிக்கிடுங்க. அதைச் சொல்லித்தான் பெரிய வேலை எதுக்கும் உத்தரவு கேக்கணும். ஏ, எனக்கு இன்னும் ஒரு கரண்டி வைங்கப்பா.' கல்யாண வீடு சிரித்தது. சேர்மதுரை மத்தியான வெயிலில் சுடலையின் பேரைச் சொல்லி உத்தரவு கேட்டான், பெட்டிக்குள் ஏதோ டிக் டிக் என்று ஆரம்பித்தது. 'வரி ஓடுதா?' 'ஓடுது.' 'ஓடி முடிஞ்சதும் ரீஸ்டார்ட் பண்ணுங்க, படம் பளிச்சின்னு வரும். வச்சிருதேன் அண்ணாச்சி, கறி ஆறுது.'

வரிகள் ஓடின. வாசிக்கிற வேகத்தில் இல்லை, வாசிக்கத் தெரியவும் இல்லை. டிக் டிக் என்பது கார்டின் காற்றாடி, அதன் ஒரு இதழ் எங்கேயோ உரசுகிறது, இவன் வாங்கி வந்த அன்றைக்கே உரசியது. பின்னறையில் அவள் வேலை செய்யும்போது இதே சத்தமும் வளையல் மேசையில் படுகிற சத்தமும் கலந்து கேட்கும், இப்போது ஒன்று மட்டும் கேட்கிறது, இன்னொன்று வருமென்று காது பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தால் என்ன உனக்கு? வேறே வேறே அளவில் வாங்கியிருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்குமே. சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்றுதான் அவள் கேட்டாள். இந்த இடத்தில் நினைப்பு வந்து முட்டி நின்றது. சேர்மதுரை அதை வேறு பக்கம் திருப்பப் பார்த்தான், மானிட்டர் லாட், மதுரைப் புரோக்கர், நாளைக்கு வண்டி, ஆனால் அது சுற்றிக்கொண்டு அங்கேயே வந்தது. டிஸ்க் வாங்கின அந்தக் கடை. அவள் கண்ணாடி மேசையில் கையை வைத்துக்கொண்டு, 'சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு போதும்ங்க' என்கிறாள். கடைக்காரன் எடுத்து வைக்கிறான். இவன் நடுவில் விழுகிறான்: 'ஒரே மாதிரி ரெண்டு எடுத்தா எவ்வளவு குறைப்பே?' அவள் முழங்கையால் இடிக்கிறாள். 'ஒரே மாதிரி வேண்டாம்ங்க, எனக்குக் குழம்பும்.' 'ஏட்டி, நீ சும்மா இரு. ஜோடியா எடுத்தாத்தான் நம்ம கையில இருக்கும் பேச்சு.' ஜெயித்தான். வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவள் உறிஞ்சிக்கொண்டே, 'நீங்க பேசுத பேச்சுல ஒரு நாள் என்னையும் ஜோடி சேத்து வித்துருவிய' என்றாள். சிரித்தாளா? சிரித்துத்தான் சொன்னாள். இளநீரைப் பிடித்த கை என்ன நிறம்? பேச்சு ஞாபகம் இருக்கிறது, கையின் நிறம் இல்லை. எல்லா இடத்திலும் பேச்சுத்தான் மிச்சம், பேரம்தான் மிச்சம். ஒரே ஒரு இடத்தில்தான் அவன் பேரம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அந்த டாக்டர் இன்னது இன்னது செய்யலாம் என்று சொல்லச் சொல்ல, நீங்க சொல்லுததுதான் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனான், வாழ்நாளில் முதல் தடவையாக. உள்ளே அவள் தலைமாட்டில் ஒரு மானிட்டர், கருப்பில் பச்சைக் கோடு. அந்த மாடல் பழசு, அதன் பேனல் சீக்கிரம் மங்கும் என்று அந்த நேரத்திலும் அவன் புத்தி சொன்னது, தூ, என்ன புத்தி. பேரம் பேசாமல் முழு விலைக்கும் தலையாட்டினான், சரக்கு கைக்கு வரவில்லை. ஒருவேளை பேசியிருக்க வேண்டுமோ? பேசியிருந்தால் கொஞ்சமாவது இறங்கி வந்திருக்குமோ, ஒரு மாதம், ஒரு வாரம், ஒரு தடவை கண்ணைத் திறக்கிற நேரம்? வரிகள் நின்றன. மூலையில் கோடு மட்டும் மின்னியது.

ரீஸ்டார்ட். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கி மறுபடி எழுந்தது. கருப்பு. கருப்பிலே அவன் முகம். முகத்துக்குப் பின்னால், ஷட்டருக்கு அடியில், யாரோ வந்து நிற்கிற மாதிரி ஒரு நிழல். திரும்பிப் பார்த்தான், வெயில்தான். மறுபடி திரும்பினபோது திரை பளிச்சென்று நிறைந்திருந்தது, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏதோ படம், ஏதோ மலை, அதெல்லாம் யாருக்கு வேண்டும், டிஸ்க் எங்கே? இடது பக்கம் ஒரு சின்னப் பெட்டிப் படம். அதை அமுக்க விரல் வரவில்லை. காலியாக இருந்தால்? அமுக்காதவரைக்கும் காலியில்லை. அமுக்காமலே இப்படியே அணைத்துத் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டால் அவள் உள்ளே இருப்பாள். ரெண்டு வருஷம் இருந்த மாதிரி. போட்டோக் கடைக்காரனிடம் மாநிறம் என்று சொல்லிவிடலாம். அமுக்கினான். பெயர்கள் விழுந்தன. ஜோடி ஜோடியாக, மாப்பிள்ளை பெயரும் பொண்ணு பெயரும், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், ஏரல், மண்டபம் மண்டபமாக, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. இருக்கிறாள். அழிக்கவில்லை. கை தானாகச் சரியானதைத்தான் அமுக்கியிருக்கிறது. சேர்மதுரை சத்தமாகச் சிரித்தான், பிறகு சிரிக்கிற சத்தம் அந்தப் பலகை அறையில் வேறு மாதிரிக் கேட்டதால் நிறுத்தினான். கையில் அகப்பட்ட ஒரு கல்யாணத்தைத் திறந்தான், முதல் கோப்பு. இரைச்சல். நாயனக்காரன் சுருதி பார்க்கிறான், நாற்காலி இழுக்கிறார்கள். 'அக்கா, வெள்ளை காட்டுங்க.' எட்வின் குரல். திரை முழுக்க ஒரு தாள் வந்து நின்றது. தாள் பச்சையாக இருந்தது.

பாசிப் பச்சை. பச்சைக்கு நடுவே ஊதாக் கட்டங்கள் குதித்தன. தாளைப் பிடித்த விரல்களும் பச்சை, நகம் ஊதா. 'சரியா இருக்கா?' அவள். அவளேதான். அந்த இழுப்பு, அந்தக் கடைசி எழுத்தில் லேசாக ஏறுகிற குரல். சேர்மதுரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். தாள் இறங்கியது. முகம் வந்தது, கட்டம் கட்டமாக உடைந்து, பச்சையும் ஊதாவுமாக, கண் இருக்கிற இடத்தில் பச்சை, பல் இருக்கிற இடத்தில் பச்சை, ஆஸ்பத்திரி மானிட்டரின் கோட்டை எடுத்து உடம்பெல்லாம் பூசின மாதிரி. 'சரியா இருக்கா, சொல்லுங்களேன்' என்றது அது. வெட்டுப்பட்டு நின்றது. அடுத்த கல்யாணத்தைத் திறந்தான். பச்சைத் தாள். சரியா இருக்கா. அடுத்தது. பச்சை. அடுத்தது. மண்டபம் மாறியது, சேலை மாறியது, நாயனம் மாறியது, ஒவ்வொன்றிலும் அவள் இதுதான் வெள்ளை இதுதான் வெள்ளை என்று பச்சையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல் அடித்தது. மதுரைப் புரோக்கர். மானிட்டர் லாட்டில் இன்னும் கொஞ்சம் இறங்குவான், குரலிலேயே தெரியும், இந்த நேரத்தில் போன் போடுகிறவன் இறங்கத்தான் போடுகிறான். சேர்மதுரை எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும். மைதீனைக் கூப்பிட்டால் இதற்கும் ஒன்று சொல்லுவான், வீடியோவுக்குத் தனியாக ஒன்று போடணும் அண்ணாச்சி, கார்டு முரடு அண்ணாச்சி, நாளைக்கு வாரேன் அண்ணாச்சி. நாளைக்குப் பச்சை போகும். போய் வேறு ஒரு நிறம் வரும். வருகிற நிறம்தான் உன் நிறம் என்று எனக்கு யார் சொல்லுவார்? எனக்கு எது ஞாபகம் இருக்கிறது ஒத்துப் பார்க்க? மைதீன் ஒன்றைக் காட்டி இதுதான் அண்ணாச்சி என்றால் ஆமாம் என்றுதானே தலையாட்டுவேன், அன்றைக்கு ஆட்டின மாதிரி. கேட்கிறாயே, சரியா இருக்கா சரியா இருக்கா என்று, உன்னைப் பார்த்து நான் கேட்கிறேன், சரியாக இருக்கிறதா இது? ஊரில் உள்ள பொண்ணுக்கெல்லாம் மஞ்சள் பல்பு எரிகிற மண்டபத்தில்கூட அவளவள் நிறத்தை எடுத்துக் கொடுத்தவள், உன் நிறத்தை மட்டும் யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாய்? நான் ஜோடியாக எடுத்தது தப்புத்தான், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், திருகு குறைகிற கார்டை வாங்கியிருக்க வேண்டாம், எல்லாம் சரி, நீ ஹேர்பின்னை மாட்டி ஓட்டினாயே, எல்லாவற்றையும் அப்படித்தானே ஓட்டினாய், இதை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனாய்? வெளியே காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருப்பாய், தெரியும். பேரம் பேச வரவில்லை இன்றைக்கு. நீ சொல்லுகிற விலைதான். இந்தத் தாளைக் கொஞ்சம் மேலே தூக்கு, அந்தப் பக்கம் விளக்கு எப்படி இருக்கிறதோ எனக்குத் தெரியாது, சரியாகப் பிடி, வெள்ளையை வெள்ளையாக்கு, ஆக்கிவிட்டு முகத்தைக் காட்டிவிட்டுப் போ.